ஒரே கயிற்றில் இரு சம்பந்திகள்

அத்தியாயம் 9

போன வாரம் ஒரு தலையணையோடு நிறுத்தியிருந்தோம். மகள் புருஷன் வீட்டிலிருந்து இரண்டு பைகளும் தன் தலையணையுமாக வந்து இறங்கினாள். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா வீடியோ காலில் வந்தார். தலையணை கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று சூப்பர்வைசரம்மா அதன்மேலேயே உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகப் பேசி முடித்தார். இதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்றைக்குத்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசரம்மா என்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவருக்கு விழுந்து, வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்த பெயர். கணவர் காலமாகி வெகு நாளாயிற்று. ஒரே மகள், அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் இன்ஜினியர். மாப்பிள்ளையின் அம்மா பல் டாக்டர். தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறார், தனியாகத்தான் குடியிருக்கிறார்.

மாப்பிள்ளைக்கு வேலை போய் மாதக்கணக்காகியிருந்தது. அதைப் பெண்டாட்டியிடம் சொல்லாமல், தினமும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, ஆபீஸுக்குப் போவதாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பழைய ஆபீஸ்காரர் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்குத்தான் தலையணை வீட்டை விட்டுக் கிளம்பியது.

இப்போது சனிக்கிழமை காலை. மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர்க் கிளைக்கு அவளைக் கேட்டிருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்மா,” என்றாள்.

சூப்பர்வைசரம்மா தண்ணீர் பாட்டிலை நிரப்பினார். ஒரே ஊரில் இரண்டு வீடு என்றால் என்றைக்காவது ஒருநாள் ஒருத்தர் கதவை இன்னொருத்தர் தட்டலாம். ஊரே வேறாகிவிட்டால் யார் வந்து தட்டப் போகிறார்கள்? இந்தப் பயம் வாரம் முழுக்க அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. ஆனால் மகள் கேட்டது வேறு.

நான் இங்கே இருப்பதை அத்தையிடம் மூச்சு விடாதே என்றாள். அவளே சொல்வதற்குள் நாலு பேர் வாயில் இது விழுந்துவிடக் கூடாதாம். சூப்பர்வைசரம்மா சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினார்.

வகுப்பு என்றால் சுவர் ஏறும் வகுப்பு. சிரிக்காதீர்கள். உயரமான கூடம் ஒன்றில், சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிடிகளைத் திருகி வைத்து, இடுப்பில் கயிறு கட்டி ஏற விடுகிறார்களே, அதுதான். ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒருத்தருக்குச் சர்க்கரை என்று இரண்டு அம்மாக்களும் போனில் மாறி மாறிப் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு, பிள்ளைகள் இரண்டு பேருமாகச் சேர்ந்து பணம் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். அவர்களுக்குள் எல்லாம் நன்றாக இருந்த நாளில் நடந்தது அது. ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் சம்பந்திச் சண்டையே வராது என்று மாப்பிள்ளை அப்போது கேலி செய்தார்.

உண்மையில் இந்தச் சம்பந்திகளுக்குள் சண்டையே வந்ததில்லை. அதற்குப் பதில் மரியாதை இருந்தது, அதுதான் பெரிய தொல்லை. கல்யாணத்தன்று ஒரே ஒரு நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று இருவரும் உபசாரம் செய்துகொண்டே இருந்ததில், நடுவில் போட்டோகிராபர் வந்து உட்கார்ந்துவிட்டார். முதல் வகுப்பில் கொடுத்த ஷூ இரண்டு பேருக்குமே கடித்தது. சம்பந்தி சௌகரியமாக இருக்கிறது என்றதால் இவரும் சௌகரியம் என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தனித்தனியாகக் கட்டை விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டார்கள்.

அந்த முதல் வகுப்பில் தாழ்ந்த சுவரில் ஏறி, கனமான மெத்தையில் எப்படி விழுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவதில் கயிறு. ஏறுகிறவர் ஒரு நுனியை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொள்ள வேண்டும். கயிறு சுவரின் உச்சிக்குப் போய், ஒரு வளையத்தில் திரும்பிக் கீழே வரும். கீழே நிற்பவர் அதைத் தன் பட்டையில் மாட்டிய கருவி வழியாக இழுத்து இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலே கால் வழுக்கினால் அந்தக் கயிறுதான் தாங்கும்.

கற்றுக்கொடுத்தவள் முப்பது வயசுக்காரி. பிடி வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பவுடர் அவள் கையில் எப்போதும் அப்பியிருக்கும். அதனால் சூப்பர்வைசரம்மா மனசுக்குள் அவளுக்கு மாவுக்கை என்று பேர் வைத்திருந்தார். மாவுக்கை எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஒன்றைத் தவிர. தரையை விட்டுக் கால் எடுக்கும் முன் ஒருத்தர் முடிச்சையும் பட்டையையும் இன்னொருத்தர் கையால் தொட்டு, இழுத்துப் பார்த்து, பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

சம்பந்தியின் இடுப்பில் கையை வைத்து வெடுக்கென்று இழுப்பதா? அவர் சரியாகக் கட்டியிருக்க மாட்டார் என்று சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடாதா? போன வாரம் இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் நின்று, லேசாகக் குனிந்து, சரியாகத்தான் இருக்கும் என்று ஒருத்தருக்கொருத்தர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்கள். மாவுக்கை பக்கத்திலேயே இருந்து தானே இழுத்துப் பார்த்துவிட்டதால் தப்பித்தார்கள்.

இந்த வாரம் ஒரு ஆபீஸ் கூட்டம் மொத்தமாக வந்திறங்கியிருந்தது. மாவுக்கை கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். நீங்கள் கட்டிக்கொண்டு இருங்கள், வந்து பார்க்கிறேன், அதற்கு முன் ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

சூப்பர்வைசரம்மா முடிச்சைப் போட ஆரம்பித்தார். முதலில் கயிற்றில் எட்டு மாதிரி ஒரு முடிச்சு. மிச்ச நுனியைப் பட்டையின் இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, அந்த எட்டைப் போன வழியே திரும்ப வரைந்து முடிக்க வேண்டும். நுழைத்தார். முதல் வளைவில் நுனியைத் திருப்பினார்.

“பொண்ணு பேசினாளா சம்பந்தி?” என்று கேட்டார் டாக்டரம்மா.

சூப்பர்வைசரம்மாவின் கை அப்படியே நின்றது. “பேசினா, பேசினா. நேத்துகூடப் பேசினா. ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டு அப்பதான் வந்தாங்களாம்.”

“அப்படியா, சந்தோஷம்,” என்ற டாக்டரம்மா கூரையில் எதையோ தேடுகிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொன்ன பொய் முகத்தில் தெரிந்துவிட்டதோ என்ற தவிப்பில் சூப்பர்வைசரம்மா நுனியை எங்கே விட்டார், எங்கே எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. முடிச்சு போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் சம்பந்தி அடுத்த கேள்வி கேட்பார் என்கிற ஒன்றுதான் புத்தியில் இருந்தது. நான் ஏறட்டுமா என்றார். மாவுக்கை வரட்டுமே என்று டாக்டரம்மா இழுத்தார். ஆனால் ஏறுகிறேன் என்று நிற்கிற சம்பந்தியைத் தடுப்பது எப்படி?

“பார்த்துட்டேன் சம்பந்தி, சரியா இருக்கு,” என்றார். அவர் பார்த்தது சம்பந்தியின் முகத்தைத்தான். இடுப்புப் பக்கம் அவர் கண்ணே போகவில்லை.

சிவப்புப் பிடிகளாகப் பார்த்து சூப்பர்வைசரம்மா ஏறினார். கையால் இழுத்து ஏறாதீர்கள், காலால் எழுந்து நில்லுங்கள் என்று மாவுக்கை சொன்னது இப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. பெருவிரலை ஊன்றி, இடுப்பைச் சுவரோடு ஒட்டி எழுந்தால், அடுத்த பிடி தானாகக் கைக்கு வந்தது. ஒரு வாரமாக ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த மண்டை கொஞ்சம் ஓய்ந்தது. மகளும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, அடுத்த காலை எங்கே வைப்பது என்பது மட்டும் இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது அவருக்கு.

இரண்டு ஆள் உயரம் வந்தபின், காலை வைக்க இடம் பார்க்கக் குனிந்தார். வயிற்றுக்கு முன்னால் கயிற்றின் நுனி பிரிந்து ஊசலாடிக்கொண்டிருந்தது. எட்டு தனியாக இருந்தது. அதைப் பட்டையோடு பிணைக்க வேண்டிய கயிறு ஒப்புக்கு ஒரு சுற்று சுற்றி நின்றது. தொட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

“சம்பந்தி,” என்றார்.

“சொல்லுங்க சம்பந்தி.”

“முடிச்சு அவுந்திருக்கு.”

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கயிற்றை விடவும் பயம், பிடித்து இழுக்கவும் பயம். ஆனால் குரல் மட்டும் நோயாளியிடம் பேசுகிற குரலாகவே வந்தது. அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, மாவுக்கையைக் கூப்பிட்டார்.

அவள் ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். வலது பக்கம் பெரிய பிடி இருக்கிறது, அதை இரண்டு கையாலும் பிடியுங்கள், கயிற்றைத் தொடாதீர்கள், சாயாதீர்கள், நான் வருகிறேன் என்று நிதானமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே பக்கத்துக் கயிற்றில் தன் முடிச்சைப் போட ஆரம்பித்தாள். இன்னொரு பயிற்சியாளர் அதைத் தொட்டுப் பார்த்து, பார்த்ததை வாய்விட்டுச் சொன்னார். அந்த அவசரத்திலும் அதை அவர்கள் விடவில்லை.

சூப்பர்வைசரம்மா சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். ஈரப் போர்வைகளைத் தூக்கிப் பழகிய கை, பிடி நழுவவில்லை.  விழுந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பார்த்தார். தன் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போவார்கள். மகளுக்குப் போன் போகும். உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் எப்படி வந்தாய் என்று சம்பந்தி கேட்பார். இங்கேதான் இருக்கிறேன் அத்தை என்று அவள் சொல்லியாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் தெரியத்தான் போகிறது.

“சம்பந்தி, நான் சொன்னது பொய். பொண்ணு என்கிட்டதான் இருக்கா. வந்து ஒரு வாரமாச்சு.”

“தெரியும். இப்ப பேசாதீங்க. கெட்டியாப் பிடிச்சுக்கங்க.”

தெரியுமா? எப்படித் தெரியும்? கேட்க நினைத்தார். அதற்குள் மாவுக்கை பக்கத்தில் வந்து, கீழே இன்னொருவர் பிடித்திருந்த மூன்றாவது கயிற்றின் பூட்டு வளையத்தைச் சூப்பர்வைசரம்மாவின் பட்டையில் மாட்டி, இழுத்துப் பார்த்து, இனிமேல் பயமில்லை, நாற்காலியில் உட்காருவது போல உட்காருங்கள் என்றாள். கால் தரையைத் தொட்டதும் சூப்பர்வைசரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மாவுக்கு முன்னாலேயே கலங்கியிருந்தது.

மாவுக்கை சத்தம் போடவில்லை. முடிச்சு தப்பாவது யாருக்கும் நடக்கும் என்றாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, “பார்க்காமலே பார்த்தேன்னு சொன்னீங்க பாருங்க, அதை மட்டும் இங்க மன்னிக்க மாட்டோம்,” என்றாள். இருவரும் இன்றைக்கு இனி ஏறக் கூடாது, அடுத்த வாரம் தாழ்ந்த சுவரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

இரண்டு சம்பந்திகளும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்கள்.

“இந்த ஷூ முதல் நாள்லேர்ந்தே எனக்குக் கடிக்குது,” என்றார் டாக்டரம்மா.

“எனக்கும்தான்.”

சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. சூப்பர்வைசரம்மா கேட்டுவிட்டார். எப்படித் தெரியும்?

டாக்டரம்மா ஷூவின் நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மகன் சொன்னானாம். வேலை போன அன்றைக்கே முதலில் அம்மாவிடம்தான் வந்து சொன்னானாம். பெண்டாட்டியிடம் அன்றே சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பியவனை நிறுத்தியது தான்தானாம்.

“வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம், இப்பவே ஏன் அவளைக் கலங்க வைக்கிறேன்னு நான்தான் சொன்னேன். உங்க காதுக்கு வந்தா உங்க முன்னாடி எப்படி நிக்கறதுன்னும் நினைச்சேன். அவன் பொய் சொல்லலை சம்பந்தி. நான் சொல்லச் சொன்னதைச் சொன்னான்.”

சூப்பர்வைசரம்மா ஷூவைத் தரையில் போட்டார். வேலை போனதற்காகவா அழுகிறேன், என்னை ஒரு மனுஷியாகவே நினைக்கவில்லையே என்றுதான் அழுகிறேன் என்று மகள் சொன்ன ராத்திரிகள் கண் முன்னால் வந்தன. இந்த அம்மாள் இத்தனை நாள் அதைத் தெரிந்துகொண்டே, பொண்ணு பேசினாளா என்று குசலம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். இதற்கு மரியாதை என்று ஒரு பேர் வேறு.

“நீங்க செஞ்சது தப்பு,” என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சம்பந்தியிடம் பூசி மெழுகாமல் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஆமா, தப்புதான்,” என்றார் டாக்டரம்மா. பிறகு, “நான் வந்து அவகிட்டச் சொல்லட்டுமா?” என்றார்.

சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறோம். இவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நின்றால், இனிமேல் மகள் எதையாவது தன்னிடம் மனசு விட்டுச் சொல்வாளா? சொல்லாமல் விட்டால், பாதிதான் தெரிந்த நிலையில் சாயங்காலம் அவள் சரி என்று அனுப்பிவிடுவாள். சூப்பர்வைசரம்மா ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, வெளியூர் வேலையைப் பற்றியும் சாயங்காலக் கெடுவைப் பற்றியும் சொன்னார். டாக்டரம்மா கார் சாவியைக் கையில் எடுத்தார்.

கார் நேராகச் சூப்பர்வைசரம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றது.

மகள்தான் கதவைத் திறந்தாள். அம்மாவுக்குப் பின்னால் மாமியாரைப் பார்த்ததும் முகம் இறுகிப்போயிற்று.

“சத்தியத்தை நான்தான் மீறினேன்,” என்றார் சூப்பர்வைசரம்மா முந்திக்கொண்டு. “என்னை அப்புறமாத் திட்டிக்கோ. இவங்க சொல்றதை ஒரு தடவை கேளு.”

டாக்டரம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, பெஞ்சில் சொன்னதை எதையும் குறைக்காமல் மறுபடி சொன்னார். தினமும் ஷூ மாட்டிக்கொண்டு வெளியே போகச் சொன்னதும் தான்தான் என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இயந்திரத்தில் கோளாறு எங்கே என்று தேடும்போது வருகிற முகம் அவளுக்கு.

“தினமும் எங்க போய் உட்கார்ந்திருந்தார் அத்தை?”

“என் கிளினிக்ல. உள் ரூம்ல, பல் அச்செல்லாம் அடுக்கி வைப்பேனே, அங்க. அங்கேர்ந்துதான் வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டிருந்தான்.”

“நான் கட்டிக் கொடுத்த சாப்பாடு?”

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். “ரெண்டு பேருமாத்தான் சாப்பிட்டோம்மா.”

சூப்பர்வைசரம்மாவால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதிகாலையில் எழுந்து, வேலைக்குப் போகும் அவசரத்தில் அவள் கட்டிய டப்பா. அதை நடுவில் வைத்துக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் சாப்பிட்டிருக்கிறார்கள், அவளுக்குத் தெரியாமல். மகள் அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. கதவை அகலமாகத் திறந்து, உள்ளே வாங்க அத்தை என்றாள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மா, அந்தப் பக்கம் மகள். நடுவில் லேப்டாப் திறந்தேதான் இருந்தது. இன்னும் அனுப்பவில்லை.

“அவனை வரச் சொல்லட்டுமா?” டாக்டரம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தேவிட்டார். “சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னு அவனுக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சா ஓடி வந்துடுவான்.”

“வேணாம் அத்தை. சொல்லாதேன்னு நீங்க சொன்னீங்க, அவர் சொல்லலை. இப்ப போன்னு நீங்க சொல்லி அவர் வந்தா, அதுவும் நீங்க சொன்னதுதான். வரணும்னு அவருக்கே தோணினா வரட்டும்.”

“தோணலைன்னா?”

மகள் லேப்டாப்பைப் பார்த்தாள்.  டாக்டரம்மா போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார்.

இது என்ன நியாயம் என்று சூப்பர்வைசரம்மாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. கெடுவே தெரியாத மனுஷன் எப்படிக் கெடுவுக்குள் வந்து நிற்பார்? எத்தனையோ நாள் தயங்கியவருக்கு இன்றைக்கென்று பார்த்துத் தோன்றிவிடுமா? காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குள் போனார். அடுப்பில் தண்ணீரை வைத்தார். ஹாலில் இருந்து பார்த்தால் தெரியாதபடி திரும்பி நின்றுகொண்டு, தன் போனை எடுத்து மாப்பிள்ளையின் பெயரைத் தேடினார். இரண்டே வார்த்தை எழுதினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

“அம்மா,” என்றாள் மகள் ஹாலிலிருந்து, குரலை உயர்த்தாமல். “நீயும்தான்.”

சூப்பர்வைசரம்மா போனை மேடைமேல் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று டம்ளரை எடுத்தார், கொஞ்சம் யோசித்து இன்னும் ஒன்றை எடுத்து வைத்தார்.